படலைக்கு இட்ட பூட்டு

‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று யாழ்ப்பாணத்தில் ஒரு சொற்றொடர் உண்டு. முதியவர் ஒருவர் காலையில் உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்டாலும், மகளைத் தம் தாயென எண்ணி அழைத்தாலும், நள்ளிரவில் எழுந்து படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கி நடந்தாலும், நம்மவர் இந்த ஒரு சொற்றொடரால் எல்லாவற்றையும் முடித்துவிடுகின்றனர். அதில் இரக்கமும் இருக்கிறது, ஏளனமும் இருக்கிறது. ஆயினும் அதன் தலையாய பணி வேறு. அது விசாரணையை நிறுத்திவிடுகிறது. அறளை பெயர்ந்தவர் என்று முடிவாகிய பின்னர், அவர் ஏன் எழுந்தார், எங்கே போகப் புறப்பட்டார் என்னும் கேள்விகளுக்கு வீட்டில் இடமில்லை. மறுநாட் காலையில் கடைக்குப் போய் ஓர் ஆமைப்பூட்டு வாங்கி வருவது ஒன்றே எஞ்சுகிறது.

ஜப்பானிய அரசாங்கம் 2004ஆம் ஆண்டில் இந்நோய்க்கு அதுவரை வழங்கிவந்த பெயரை, அதில் மூடத்தனம் என்ற பொருள் தொனித்த காரணத்தால், கைவிட்டுப் புதிய பெயரொன்றை ஏற்றது. பெயரை மாற்றினால் மனிதர் மாறிவிடுவர் என நான் நம்பவில்லை. ஆனால் பூட்டுக்கு முன்னால் ஒரு சொல் வருகிறது என்பதை அந்நாட்டார் உணர்ந்திருக்கின்றனர். நாம் இன்னும் உணரவில்லை.

இக்கட்டுரை அந்தப் பூட்டைப் பற்றியது. மூளை தேய்ந்துவரும் மனிதர் ஒருவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரக்கூடிய வகையில் நடந்துகொள்ளும்போது, அவரைத் தடுக்க நமக்கு உரிமை உண்டா? உண்டெனில் அது எங்கிருந்து வருகிறது? எந்த எல்லையில் அது முடிகிறது?

முதலில் நோயின் இயல்பைச் சிறிது பார்ப்போம். 1906ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியின் தூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் கூட்டமொன்றில் அலோயிஸ் அல்சைமர் என்பவர் ஒரு பெண்ணின் மூளையைப் பற்றிப் பேசினார். அப்பெண் பிராங்பேர்ட் மனநோய் மருத்துவமனைக்கு 1901இல் வந்தபோது அவளுக்கு வயது 51 மாத்திரமே. இறந்தபின் மூளையை ஆராய்ந்த அல்சைமர், நரம்புக் கலங்கள் அழிந்திருப்பதையும் அவற்றுக்குள்ளும் இடையிலும் வேண்டாத பொருள்கள் படிந்திருப்பதையும் கண்டார். முதுமையின் இயல்பான தளர்ச்சி என்று கருதப்பட்டது உண்மையில் ஒரு நோய் என்பது இவ்வாறு துலங்கத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 5 கோடி 70 லட்சம் பேர் இத்தகைய மறதி நோய்களுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பான்மையோர் நம்முடையதைப் போன்ற வசதி குறைந்த நாடுகளில் வாழ்பவர்கள்.

நோய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிப்பதில்லை என்பதே நமது கேள்விக்கு முக்கியமானது. அல்சைமர் நோயில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவு முதலில் மறைகிறது. பழைய நினைவு நெடுங்காலம் நிற்கிறது. கைப்பழக்கமோ அதனினும் நீண்டு நிற்பதுண்டு. ஆபத்து இவ்விடத்திலேதான் பிறக்கிறது. அறுபது ஆண்டுகள் அடுப்பு மூட்டிய கைக்குத் தீக்குச்சியை உரசத் தெரியும். மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது என்பது நெஞ்சில் தங்குவதில்லை. படலையைத் திறக்கக் கை அறியும். திரும்பும் வழியை மூளை அறியாது. முற்றும் செயலற்றுப் படுத்துவிட்டவரைப் பராமரிப்பது உடலுழைப்பு. செயல்வலிமை எஞ்சியிருக்க, அதை நெறிப்படுத்தும் அறிவு தளர்ந்துவிட்டவரைப் பராமரிப்பதோ இடைவிடாத காவல்.

நம் குடாநாட்டு வீடு இக்காவலுக்கு ஏற்றதாக அமையவில்லை. இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கற் படுகையில் ஊறி நிற்கும் மழைநீரே குடிநீர். ஆதலால் வளவுதோறும் கிணறு உண்டு. பழைய கிணறுகள் பலவற்றின் கட்டு முழங்காலுக்குச் சற்று மேலேதான் நிற்கும். தோட்டக் கிணறுகள் சிலவற்றுக்குக் கட்டே இல்லை. குசினியில் விறகடுப்பும், அதனருகே இப்போது எரிவாயு அடுப்பும். கொட்டிலின் மூலையில் பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல். அதன் பக்கத்திலேயே மண்ணெண்ணெய்ப் போத்தல். கண்ணும் கருத்தும் தெளிந்தவருக்கு இவையெல்லாம் வாழ்க்கைக்கருவிகள். கருத்துக் கலங்கியவருக்கு ஒவ்வொன்றும் ஒரு பொறி.

இந்த வீட்டிலே மகளோ மருமகளோ இரவு முழுதும் விழித்திருக்கிறாள். ஒரு நாள் அவள் பூட்டைப் போடுகிறாள். பின்னர் அறைக் கதவைச் சாத்துகிறாள். அதன்பின் சேலைத் துண்டொன்றினால் கட்டிலோடு கையைக் கட்டுகிறாள். அவளைக் கொடியவள் எனக் கூற எனக்கு நா எழவில்லை. ஆயினும் கட்டப்பட்டிருப்பது மனிதக் கை.

இதற்கு இருவகைச் சமாதானங்கள் வழக்கில் உள்ளன. ஒன்று நம் குடும்பங்கள் சொல்வது: ‘அன்பினால் செய்கிறோம், பெற்றவரைப் பிள்ளை காப்பதற்கு யாரிடம் உரிமை கேட்க வேண்டும்?’ மற்றொன்று நூல்களைப் படித்தோர் சொல்வது: ‘ஒவ்வொரு மனிதனும் தன் வாழ்வுக்குத் தானே எசமான், அவன் விருப்பத்தை மீற எவருக்கும் அதிகாரமில்லை.’

முதலாவது சமாதானத்தின் பெயரால் நம் சமூகத்தில் நடக்காத கொடுமை இல்லை. பெண்ணை வீட்டுக்குள் வைத்ததும் அன்பின் பெயரால்தான். பிள்ளையைப் பிரம்பால் அடித்ததும் அன்பின் பெயரால்தான். அன்பு ஒரு செயலின் தூண்டுதலாக இருக்கலாம்; அச்செயலுக்கு அத்தாட்சிப் பத்திரமாக அது இருக்க முடியாது. இரண்டாவது சமாதானம் கேட்க இனிமையானது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கிணற்றுக் கட்டில் ஏறி நிற்கும் கிழவியிடம் அவளுடைய தன்னுரிமையைப் பற்றிப் பேசுவோன் தத்துவவாதி அல்லன், வேலையைத் தட்டிக்கழிப்பவன். அவள் சாவைத் தெரிந்தெடுக்கவில்லை. தண்ணீர் அள்ள வந்திருக்கிறாள்.

தண்ணீர் அள்ள வந்திருக்கிறாள் என்பதை நாம் அறிவதற்கு, அவள் ஏன் வந்தாள் என ஒருவர் கேட்டிருக்க வேண்டும். இங்கேயே எனது வாதம் தொடங்குகிறது. ‘நோக்கமின்றி அலைகிறார்’ என்று நாம் சொல்லும் அலைச்சலில் நோக்கம் அநேகமாக இருக்கிறது. அது நாம் வாழும் காலத்துக்குரியதாக இல்லை, அவ்வளவுதான். புகையிலைத் தோட்டத்துக்கு விடியுமுன் துலா மிதித்து இறைத்த விவசாயி, எண்பது வயதில் மூன்று மணிக்கு எழும்பிப் படலையைத் தேடுவதில் வியப்பென்ன? அவர் உடம்பு ஐம்பது ஆண்டுகள் உழைத்த உழைப்பின் மணிக்கூடு இன்னும் ஓடுகிறது. அவரை அறைக்குள் தள்ளிப் பூட்டினால் கதவை இடிப்பார். இடித்தால் ‘மூர்க்கம்’ என்போம். ஒருவர் துணையாக நாலு வாளி நீர் வாழைக்கு ஊற்ற விட்டால் அமைதியடைந்து வந்து படுக்கவும் கூடும். எப்போதும் இப்படி முடியும் என நான் சொல்லவில்லை. கேட்காமலே பூட்டுவது நியாயமில்லை என்றே சொல்கிறேன்.

எங்கள் மண்ணில் இந்தக் கேள்விக்கு இன்னொரு கனமும் உண்டு. மாலைக் கருக்கலில் கலக்கம் மிகுந்து ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்று கேட்பது இந்நோயாளரிடம் உலகெங்கும் காணப்படும் குறி. இலண்டனிலோ தோக்கியோவிலோ அது குழந்தைப்பருவத்து வீடாக இருக்கலாம். மயிலிட்டியிலிருந்தும் பலாலியிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் 1990இல் இடம்பெயர்ந்து, பல பத்தாண்டுகள் முகாமிலும் வாடகை வீட்டிலும் உறவினர் வளவிலும் கழித்தவர் ‘வீட்டுக்குப் போக வேண்டும்’ என்றால் அதை நோய்க்குறி என்று மட்டும் எழுதிவைக்க முடியுமா? மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017இல். அதற்குள் அந்தத் துறையின் நினைவு தவிர வேறெதுவும் எஞ்சாத நிலைக்குச் சிலர் வந்துவிட்டனர். அவ்வாறே, 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமமே புறப்பட்டு, மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவை அனுபவித்த தாயொருத்தி, நள்ளிரவில் சேலைகளை மூட்டையாகக் கட்டிப் படலையில் நின்று ‘கெதியாய் வா’ எனப் பிள்ளைகளை அழைத்தால், அவளது மூளை தவறு செய்கிறது என்பது உண்மை. சரித்திரம் அவ்வாறு நடந்தது என்பதும் உண்மை.

ஆகவே ஆளைக் கட்டுமுன் ஆபத்தைக் கட்ட வேண்டும் என்பதை முதல் விதியாகக் கொள்ளலாம். கிணற்றுக்கு இரும்பு வலைமூடி இடலாம். எரிவாயுச் சிலிண்டரின் வாயை இரவில் அடைக்கலாம். மருந்துப் போத்தலை வீட்டைவிட்டே அகற்றலாம். தீப்பெட்டியைக் கண் படாத இடத்தில் வைக்கலாம். படலையில் ஒரு சிறு மணியைக் கட்டினால், பூட்டு செய்யும் வேலையில் பாதியை அது செய்யும், அடைக்காமலே அறிவிக்கும். இவற்றில் எதுவும் முதியவரின் மானத்தைத் தொடவில்லை. கிணற்றை மூடுவதால் அவர் சிறைப்படுவதில்லை. அவரைச் சுற்றியுள்ள உலகத்தைத் திருத்தாமல் அவரைத் திருத்த முயல்வதே நாம் வழமையாகச் செய்வது. ஏனெனில் உலகத்தைத் திருத்தப் பணமும் ஆளும் வேண்டும், அவரைக் கட்ட ஒரு முழம் துணி போதும்.

ஆனால் எல்லா ஆபத்தையும் இவ்வாறு நீக்கிவிட முடியாது. வீதியை மூட முடியாது. ஒருவர் கையை ஓங்கி மனைவியை அடிக்க வருகிறார்; அவளை வீட்டுக்குள் நுழைந்த அந்நியள் என்று அவர் நம்புகிறார். அவ்வேளையில் தடுத்தே ஆக வேண்டும். தடுக்கும் உரிமை அப்போது உண்டு. அந்த உரிமை அந்தக் கணத்தின் ஆபத்திலிருந்து வருகிறது. ஆகையால் அந்தக் கணத்தோடு அது முடிகிறது. நேற்று அடித்தார் என்பதற்காக இன்று கட்டி வைப்பது காவல் ஆகாது; தண்டனை. தன் செயலை நினைவிற் கொள்ள முடியாதவனைத் தண்டிப்பதை எந்த நீதியும் ஏற்காது. கட்டுப்பாடு ஒன்று நியாயமானதா என்று அறிய எனக்குத் தெரிந்த எளிய சோதனை: அதை அயலவர் பார்க்கும்படி செய்ய நாம் தயாரா? பின்னறையில், யன்னலைச் சாத்திச் செய்யப்படும் காவல் ஏற்கனவே தன்னைக் குற்றம் என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத கயிறும் ஒன்று உண்டு. ‘இரவில் படுக்க ஏதாவது மருந்து தாருங்கள்’ என்று வைத்தியரிடம் கேட்கிறோம். மனநோய்க்குக் கொடுக்கப்படும் புதுவகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவரிடையே மரணத்தை அதிகரிக்கின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2005இல் எச்சரித்தது. 2008இல் அவ்வெச்சரிக்கையைப் பழையவகை மருந்துகளுக்கும் விரித்தது. இங்கிலாந்தில் அரசாங்கத்துக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி 2009இல் அளித்த அறிக்கை, ஆண்டொன்றில் சுமார் 1,80,000 மறதி நோயாளருக்கு இவ்வகை மருந்துகள் கொடுக்கப்படுவதாகவும், அவற்றால் பயன்பெறுவோர் சுமார் 36,000 பேரே எனவும், மேலதிகமாக ஏறத்தாழ 1,800 பேர் இறக்கின்றனர் எனவும் கணக்கிட்டது. தாதியரும் வைத்தியரும் நிறைந்த நாட்டின் கணக்கு இது. வேறு வழியில்லாத கடும் துன்பத்தில் வைத்தியர் சிறிதளவு, சில வாரங்களுக்குக் கொடுப்பதை நான் மறுக்கவில்லை. காவலுக்கு ஆள் இல்லாத குறையை மாத்திரையால் நிரப்புவதையே மறுக்கிறேன்.

ஆள் இல்லாத குறையைச் சங்கிலியால் நிரப்பினால் என்ன நேரும் என்பதைத் தமிழுலகம் ஒருமுறை கண்டிருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தனர். அவர்களது நோய் வேறு; நாம் பேசும் நோய் வேறு. ஆனால் பிணைத்தவர்கள் சொன்ன நியாயம் ஒன்றே: ஓடிப்போகாமல் இருக்க, தீங்கு நேராமல் இருக்க. பாதுகாப்புக்காக இடப்பட்ட சங்கிலியே அவர்களைத் தீயின் வாயில் நிறுத்தியது. அறைக் கதவை வெளியே பூட்டிவிட்டுச் சந்தைக்குப் போகும் ஒவ்வொரு வீடும் இதை ஒரு தடவை எண்ணிப் பார்ப்பது நன்று.

எனினும் சந்தைக்குப் போகாமல் அவள் எப்படி உலை வைப்பாள்? இக்கேள்வியைத் தவிர்த்து எழுதப்படும் எந்த ஒழுக்க நூலும் வசதியுள்ளவர்களுக்கு எழுதப்பட்டதே. குடாநாட்டில் இக்காவலைச் செய்கிறவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள். மணமாகாமல் தங்கிய மகள், கணவனை இழந்த மருமகள், தானே எழுபதைக் கடந்த மனைவி. ஆண்மக்கள் தொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருக்கின்றனர். 1983க்குப் பின் புறப்பட்டவர்கள் உயிர் தப்பப் புறப்பட்டார்கள். அவர்களைக் குறை கூறுவது அநீதி. மாதந்தோறும் பணமும் அனுப்புகிறார்கள். இப்போது சிலர் வீட்டுக் கூரையில் கண்காணிப்புக் கமெராவும் பூட்டுவித்திருக்கின்றனர். அங்கே பகல், இங்கே இரவு. கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு ‘ஏன் அம்மாவை வெளியே விட்டாய்?’ என்று ஒருவன் கேட்கிறான். ‘ஏன் அம்மாவைப் பூட்டி வைத்தாய்?’ என்று மற்றவன் கேட்கிறான். இருவருக்கும் விடை சொல்ல வேண்டியவள் மூன்று இரவுகள் உறங்காதவள். கமெராவுக்குக் கண் உண்டு. விழப்போகிறவரைத் தாங்கக் கை இல்லை.

ஜப்பானில் நடந்த வழக்கொன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டில் அய்ச்சி மாகாணத்தில், மறதி நோயுற்ற 91 வயது முதியவர் ஒருவர் வீட்டைவிட்டு வெளியேறிப் புகையிரதத்தில் மோதி இறந்தார். அருகிலிருந்து காத்த மனைவிக்கு வயது 85; அவருக்கே பராமரிப்புத் தேவை என்று சான்றளிக்கப்பட்டிருந்தது. அவர் சில நிமிடங்கள் கண்ணயர்ந்துவிட்டார். புகையிரதக் கம்பனி குடும்பத்தார்மீது நட்டஈட்டு வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் மனைவியும் மகனும் ஏறத்தாழ 72 லட்சம் யென் செலுத்த வேண்டுமென 2013இல் தீர்த்தது. மேன்முறையீட்டில் அத்தொகை பாதியாகி மனைவிமேல் மட்டும் சுமத்தப்பட்டது. இறுதியில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2016 மார்ச் முதலாந் திகதி குடும்பத்துக்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பளித்தது. உறக்கம் குற்றமாகாது என்று நிலைநாட்ட எட்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றன! கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றிருந்தால் ஒவ்வொரு வீடும் தன் முதியவரைப் பூட்டியே வைத்திருக்கும்; சட்டமே பூட்டை வாங்கித் தந்ததாகியிருக்கும்.

நமக்கும் இது தூரத்துச் செய்தி அன்று. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014 அக்டோபரில் மீண்டும் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையை எட்டியது. இடையில் கால் நூற்றாண்டு, மேய்ச்சல் வழியாகவும் நடைபாதையாகவும் கிடந்த பாதை அது. அதைத் தன் குறுக்குவழியாக அறிந்த முதியவரின் நினைவில் புகையிரதம் இன்னும் வராமலிருக்கலாம்.

இனி, பூட்டைவிட மென்மையான ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பொய். ‘தோட்டத்துக்கு நாளைக்குப் போகலாம், அப்பு’ என்று கூறிப் படுக்க வைக்கிறோம். என்றோ இறந்த கணவரைக் கேட்கும் ஆச்சியிடம் ‘கடைக்குப் போயிருக்கிறார்’ என்கிறோம். உண்மையைச் சொன்னால் அவர் அப்போதுதான் விதவையாவார். நாளைக்குக் கேட்கும்போது மீண்டும் விதவையாவார். நன்மை பயக்கும் பொய்யை வள்ளுவரும் வாய்மையின் அருகே அமர்த்தியிருக்கிறார். ஆயினும் அந்த நன்மை யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். அவள் மனம் ஆற என்றால் சரி; என் நேரம் மிஞ்ச என்றால் சரியில்லை. பொய்யும் சொல்லாமல் உண்மையால் குத்தாமலும் நடக்க ஒரு வழி உண்டு. ‘அவரைப் பற்றிச் சொல்லுங்கள், ஆச்சி’ என்று அருகே அமர்ந்துவிடுவது. அதற்கு அரைமணி நேரம் வேண்டும். அந்த அரைமணி நேரமே வீட்டில் இல்லாத பொருள்.

போரில் காணாமலாக்கப்பட்ட மகனுக்காகப் படலையில் நிற்கும் தாய்க்கு என்ன சொல்வது? ‘வருவான்’ என்பது பொய் என்று அறிவித்தவர் எவருமில்லை. உண்மை என்று காட்டியவரும் இல்லை. தெளிந்த அறிவுடைய தாய்மாரே 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்து இதே கேள்வியைக் கேட்டனர். விடை பெறாமலே சிலர் மறைந்தும் போயினர். அறிவு கலங்கியவளை மட்டும் ‘உள்ளே வா, பனி கொட்டுகிறது’ என்று இழுப்பதில் எனக்குக் கூச்சமே உண்டாகிறது. ஒரு கதிரையைக் கொண்டுவந்து படலையடியில் போட்டு, போர்வையொன்றைத் தோளில் இட்டு, சற்று நேரம் கூட இருப்பதற்கு மேல் செய்யக்கூடியது இல்லை.

சட்டம் இவ்வீடுகளை எவ்வாறு பார்க்கிறது? காலனி ஆட்சி 1873இல் இயற்றிய சித்தசுவாதீனமற்றோர் பற்றிய கட்டளைச் சட்டத்துக்கு ஒரே கவலைதான்: ஆளை எங்கே அடைப்பது. ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயர் நம் வாயில் வசைச்சொல்லாகியது அந்தக் காலத்து எச்சம். சுதந்திர இலங்கை 2000ஆம் ஆண்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 9ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம் என்று அது கூறுகிறது. நல்ல சட்டம், ஆனால் பிள்ளையின் கடமையை அது ரூபாயில் அளக்கிறது. இரவுக் காவலை எந்தச் சபையிடம் போய்க் கோருவது? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநல மருத்துவப் பிரிவும், கைதடியில் முதியோர் இல்லமும் இருக்கின்றன. அவற்றின் வாசலை அடையுமுன் உள்ள பத்து ஆண்டுகளை வீடு தனியே சுமக்கிறது.

அந்தப் பத்து ஆண்டுகளுக்கே கூட்டு முயற்சி தேவை. வாரத்தில் இரண்டு பகல்களாவது நோயாளர் கூடியிருக்க ஓர் இடம், பயிற்றப்பட்ட இரண்டு பெண்கள், அவர்களுக்குச் சம்பளம் — தொண்டு என்ற பேரில் இன்னுமொரு பெண்ணின் இலவச உழைப்பு வேண்டவே வேண்டாம் — இவ்வளவும் ஒரு பிரதேச சபையின் சக்திக்கு மிஞ்சியவை அல்ல. நம் ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத குறிச்சி அரிது. பத்திரிகை வாசித்து முடிந்த பகற்பொழுதில் அக்கட்டடங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. தெருவில் தனியே நடக்கும் முதியவரைக் கண்டால் யார் வீட்டார், எந்தத் தொலைபேசிக்கு அறிவிப்பது என்ற விபரம் கடைக்காரருக்கும் முச்சக்கரவண்டி ஓட்டுநருக்கும் கடவைக் காவலருக்கும் தெரிந்திருந்தால், படலையைத் திறந்து வைக்க ஒரு மகளுக்குத் துணிவு வரும். இதற்கு முதலில் அவள் தன் தாயின் நோயை ஊருக்குச் சொல்ல வேண்டும். ‘அறளை’ என்று எவரும் சிரிக்காதிருந்தால்தான் சொல்வாள்.

வெளிநாட்டிலிருந்து அடுத்த மாதம் கமெராவுக்கென அனுப்பப்படும் பணத்தில் கிணற்றுக்கு ஒரு வலைமூடி செய்விக்கலாம். ஊரிலுள்ள இரும்பு ஒட்டுகிறவரிடம் சொன்னால் சில நாள்களில் செய்து தருவார். மிகுந்த பணத்தை, இரவில் இரண்டு நாளாவது வந்து தங்கக்கூடிய ஒருத்திக்குக் கூலியாகக் கொடுக்கலாம்.